கருப்பு வெள்ளைப் படம் அப்படியே இருக்க, கலர்ப் படம் மட்டும் ஏன் சிவக்கிறது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
1950களில் எடுத்த தாத்தா படம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. 1984இல் எடுத்த அம்மா கல்யாண ஆல்பத்தில் பச்சைப் பட்டு செங்கல் நிறமாகிவிட்டது. இரண்டும் ஒரே பீரோவில்தான் இருந்தன. ஏன்?

பதில் (வேலந்தாவளம், ஸ்டூடியோக்காரன்):
தம்பி, தாத்தா படத்தில் நீ பார்ப்பது வெள்ளி. ஒளி பட்ட வெள்ளி உப்பு டெவலப்பரில் (படம் கழுவும் ரசாயனம்) கருத்த உலோகமாகி, தாளின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சுக்குள் உட்கார்ந்துவிடும். 1839இல் பிரான்ஸ்காரர் தாகேரின் ஆரம்பகாலப் படமெடுக்கும் முறை வெளியானபோதும் வெள்ளி பூசிய செம்புத் தகடுதான். கலரில் அந்த வெள்ளியை ப்ளீச் செய்து எடுத்துவிடுவோம். மிஞ்சுவது மஞ்சள், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), சயான் (பச்சை கலந்த நீலம்) என மூன்று சாயங்கள். அந்தக் காலத்துத் தாள்கள் பலவற்றில் சயான் பலவீனம். இருட்டில் வைத்தாலும் மங்கும். நம்ம ஊர்ச் சூட்டில் இன்னும் வேகமாக. சயான் போனால் சிவப்புதானே தூக்கும்?

பதில் (கோவிந்தாபுரம்):
ஒட்டுகிற ஆல்பமா? பிய்க்காதீர்கள், மேல்தோல் கையோடு வந்துவிடும். பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஒட்டுகிற ஆல்பம்தான். நெகட்டிவ் கவரும் கிடைத்தது அண்ணா, பயன்படுமா?

ஸ்டூடியோக்காரன்:
அப்போ முதலில் நெகட்டிவை ஸ்கேன் செய், தம்பி. ஓரத்தைப் பிடித்து எடு, நடுவில் விரல் படக்கூடாது.