பத்து சதவீதம் போக மீதி ஆற்றல் எங்கே போகிறது?

கேள்வி (பிளஸ் டூ மாணவியின் அம்மா):
ஓர் உணவூட்ட நிலையிலிருந்து (செடி, அதைத் தின்னும் புழு, புழுவைத் தின்னும் குருவி என்று போகிற உணவுச் சங்கிலியின் ஒரு படி) அடுத்ததற்கு 10 சதவீத ஆற்றல்தான் போகும் என்று மகளின் பாடத்தில் இருக்கிறது. "ஆற்றலை அழிக்க முடியாதுன்னு இயற்பியல்ல படிச்சேன், அப்புறம் மீதி 90 எங்கம்மா போச்சு?" என்று கேட்கிறாள். எல்லா உயிருக்கும் அதே 10தானா?

பதில் (ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்):
அருமையான கேள்வி, சகோதரி. கறிவேப்பிலைச் செடியில் வண்ணத்துப்பூச்சிப் புழு இருந்தால், நாலு இலையோடு ஒரு பாட்டிலில் விட்டு, வாயை வலைத்துணியால் கட்டி வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் அடியில் மிளகுபோலப் புழுக்கை சிதறிக் கிடக்கும். தின்ற இலையின் ஆற்றலில் பெரும்பாலும் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது. அது பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் சாப்பாடு. செரித்ததிலும் ஒரு பகுதி சுவாசத்தில் வெப்பமாகிவிடும். மிஞ்சியதுதான் புழுவின் உடம்பு. குருவிக்குக் கிடைப்பது அவ்வளவுதான். புழு தொடாமல் விட்ட இலை வேறு இருக்கிறது. எதுவும் அழியவில்லை. ஆனால் வெப்பமாகப் போனதை எந்தச் செடியாலும் திரும்பப் பிடிக்க முடியாது.

10 என்பது தோராயம். சூழலியல் ஆய்வாளர் லிண்டமேன் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், சீடார் பாக் ஏரிக்குப் போட்ட கணக்கிலேயே தாவர உண்ணிகளுக்கு 13.3, அவற்றைத் தின்பவற்றுக்கு 22.3 சதவீதம். அந்தக் கணக்கை எழுதிய அவருடைய கட்டுரையை முதலில் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். 1942-இல் அது வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. முப்பது வயதுகூட ஆகவில்லை. பாடம் நடத்தும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் என்னால் கடக்க முடிந்ததில்லை. தேர்வில் மட்டும் 10 என்றே எழுதட்டும்.

பதில் (நெல் விவசாயி, திருவாரூர் பக்கம்):
ஐயா, இதை ஒட்டி ஒரு சந்தேகம். எங்கள் வரப்பெல்லாம் எலி வளை. ஆந்தை உட்காரப் பறவைத் தாங்கி நட்டோம். காலையில் அதன் அடியில் முடியும் எலும்புமாக உருண்டைகள் கிடக்கின்றன. ஆனாலும் வருவது ஒரே ஜோடிதான். இத்தனை எலி இருந்தும் ஏன் கூடுதலாக வருவதில்லை?

பதில் (ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்):
அந்த உருண்டை, செரிக்காததை ஆந்தை கக்கியது. சதையை அது நன்றாகவே செரிக்கும், புழு இலையைச் செரிப்பதைவிட மேலாக. ஆனால் வெப்ப இரத்தப் பிராணி அல்லவா? செரித்ததில் ஏறக்குறைய எல்லாம் உடம்புச் சூட்டுக்கும் பறப்பதற்கும் போய்விடும். உடம்பாக மாறுவது நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. எலியும் கிட்டத்தட்ட அதே ரகம். பூச்சிகளில் பல, செரித்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே உடம்பாக்கிவிடும். அதனால்தான் நெல், எலி, ஆந்தை என்று போகிற சங்கிலியின் உச்சியில் இவ்வளவு சிலரே பிழைக்க முடிகிறது. ஒரு ஜோடிக்கே பெரிய பரப்பு வேண்டும்.

இரை மட்டும் போதாது, கூடு வைக்க இடமும் வேண்டும். பொந்துள்ள பழைய மரம் இருந்தால் வெட்டாமல் விடுங்கள். எலிக்கு விஷம் வைக்கிற பழக்கம் இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். விஷம் தின்ற எலியைப் பிடித்தால் அந்த ஜோடியும் போய்விடும்.