கிராண்ட் கேன்யனின் ஜார்ஜி வைட்: “முதல் பெண்” என்று எழுதலாமா?

கேள்வி

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் இதழுக்காக, அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் ராஃப்டிங் வழிகாட்டியாக வாழ்ந்த ஜார்ஜி வைட் (1910–1992) பற்றிக் கட்டுரை எழுதி வருகிறேன். அந்த ஆறு ஓடும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைப் படகில் கடந்த முதல் பெண் அவர்தான் என்று ஓரிடத்தில் படித்தேன்; 1938ஆம் ஆண்டிலேயே இரண்டு பெண்கள் கடந்துவிட்டார்கள் என்று வேறோரிடத்தில் இருக்கிறது. போதாக்குறைக்கு, 1928இல் அதே ஆற்றில் காணாமற்போன பெசி ஹைட் என்ற புதுமணப்பெண்தான் பெயரை மாற்றிக்கொண்டு ஜார்ஜியாக வாழ்ந்தார் என்றும் ஒரு கதை உலவுகிறது. இவற்றில் எதை நம்பலாம்? அவருடைய பங்களிப்பு என்று எதை முதன்மைப்படுத்துவது?

மறுமொழி 1

1938ஆம் ஆண்டுச் செய்தி உண்மையே. மிச்சிகன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் எல்ஸாடா குளோவரும், அங்கேயே ஆய்வு மாணவியாக இருந்த லோயிஸ் ஜாட்டரும் கள்ளி முதலிய செடிகளைத் திரட்டுவதற்காக நார்மன் நெவில்ஸின் மரப்படகுகளில் அப்பள்ளத்தாக்கைக் கடந்தனர். ஆனால் அப்பயணத்தில் துடுப்பு வலித்தவர்கள் ஆண்கள். ஜார்ஜி 1952இல் தம் ரப்பர் படகுக்குத் தாமே துடுப்பு வலித்துச் சென்றார். எனவே “தாமே துடுப்பு வலித்துக் கடந்த முதல் பெண்” என்று எழுதுங்கள்; யாரும் குறை சொல்ல முடியாது.

அவர் ஆற்றுக்கு வந்த விதத்தையும் விட்டுவிடாதீர்கள். 1944இல், தம்முடன் சைக்கிளில் வந்துகொண்டிருந்த பதின்வயது மகளை, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவரால் பறிகொடுத்தார். அந்தத் துயரில் ஒடுங்கிக் கிடந்தவருக்கு ஹாரி அலெசன் என்ற ஆற்றுப் பயணியின் அறிமுகம் கிடைத்தது. மறு ஆண்டே இருவரும் படகு எதுவும் இல்லாமல், லைஃப் ஜாக்கெட்டும் சிறு பையுமாகக் கொலராடோவில் இறங்கி, ஏறத்தாழ 60 மைல் தூரம் மிதந்தும் நீந்தியும் மீட் ஏரியை அடைந்தனர். சுழல் தங்களைப் பிரித்துவிடாதபடி ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பற்றிக்கொண்டு போனார்களாம். நீச்சல் தெரிந்த எவருக்கும் இதைப் படித்தால் வயிறு கலங்கும்.

மறுமொழி 2

முந்தைய பதிவுடன் உடன்படுகிறேன். ஆயினும் “முதல் பெண்” என்ற பட்டத்தைவிட, அவர் படகுகளைப் பிணைத்த முறைக்கே கூடுதல் இடம் தரவேண்டும் என்பது என் கருத்து. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ராணுவம் கழித்துக் கட்டிய ரப்பர் படகுகள் மலிவாகக் கிடைத்தன. தனித்த சிறு படகு பெரிய அலையில் பக்கவாட்டாகச் சிக்கினால் கவிழ்ந்துவிடும். மூன்றைப் பக்கம் பக்கமாகக் கயிற்றால் பிணைத்துவிட்டால், ஒன்றை அலை தூக்கும்போது மற்ற இரண்டின் எடையும் அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும். கயிற்றுப் பிணைப்பு என்பதால் மொத்தமும் அலையின் வடிவத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும், விறைத்து நின்று முறியாது.

1950களின் நடுவில் இதையே அவர் பெரிதாக்கினார். தற்காலிகப் பாலம் அமைக்க ராணுவம் பயன்படுத்திய, 30 அடிக்கும் மேல் நீளமுள்ள காற்றடைத்த மிதவைகள் மூன்றைப் பிணைத்து, நடு மிதவையின் பின்புறத்தில் மோட்டாரைப் பொருத்தினார். அவர் பெயரின் முதல் ஆங்கில எழுத்தான ‘ஜி’யால் “ஜி-ரிக்” என்று அதற்குப் பெயர் வந்தது. அதுவரை ஒரு படகில் இரண்டு மூன்று பேர் மட்டுமே, அதுவும் பெருஞ்செலவில் சென்றுவந்த பள்ளத்தாக்கில், அலுவலக எழுத்தர்களும் ஆசிரியைகளும் செலவைப் பகிர்ந்துகொண்டு கூட்டமாகப் போகத் தொடங்கினார்கள். மரப்படகுக்காரர்கள் ஏளனம் செய்தாலும், பின்னாளில் பெரிய மோட்டார் மிதவைகள் அந்த ஆற்றில் சாதாரணமாகிவிட்டன.

சிறுத்தைப்புள்ளி உடையும் பீர் டின்னுமாகக் கடைசிவரை அவரே மோட்டாரைப் பிடித்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 80 வயதுவரை அவர் ஆற்றில்தான் இருந்தார்.

மறுமொழி 3

பெசி ஹைட் கதையைத் தயங்காமல் தள்ளிவிடலாம். 1928 இலையுதிர்காலத்தில் கிளென் ஹைட்டும் பெசியும் கிளென் கட்டிய படகில் தேனிலவுப் பயணமாகக் கிளம்பினர். டிசம்பரில் படகு மட்டும் கவிழாமல், பொருள்களோடு அப்படியே மிதந்துகொண்டிருந்தது. உடல்கள் கிடைக்கவே இல்லை. 1992இல் ஜார்ஜி இறந்தபின், அவருடைய பிறப்புச் சான்றிதழில் பெசி டிராஸ் என்ற பெயர் இருப்பதும், ஹைட் தம்பதியின் திருமணச் சான்றிதழ் அவருடைய உடைமைகளுக்கிடையே இருப்பதும் தெரியவந்ததால் வதந்தி கிளம்பியது. ஆனால் ஜார்ஜி பிறந்தது 1910இல், பெசி ஹைட் பிறந்தது 1905இல்; படங்களில் முகச்சாயலும் ஒத்துவரவில்லை. அந்தச் சான்றிதழ் அவரிடம் எப்படி வந்தது என்ற புதிர் இருக்கலாம், அதற்காக ஆளையே மாற்றிவிட முடியாது.

இன்னொன்று: ஜார்ஜியை அப்பழுக்கற்றவராகக் காட்டவேண்டாம். “கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்பதே அவருடைய பாதுகாப்பு ஏற்பாட்டில் பெரும்பகுதியாக இருந்தது. 1983 ஜூனில் கிளென் கேன்யன் அணையிலிருந்து பெருமளவு நீர் திறந்துவிடப்பட்ட வேளையில், கிரிஸ்டல் என்ற பாய்ச்சலில் (ஆறு சீறிப் பாயும் இடத்தில்) அவருடைய மிதவையிலிருந்தும் பயணிகள் தூக்கியெறியப்பட்டார்கள். அவருடைய உதவியாளர்கள் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலிஸ் தீயணைப்பு வீரர்கள், அதாவது ஆண்கள். 1970களில் பெண் வழிகாட்டிகளின் எண்ணிக்கை பெருகத் தொடங்கியபோது, அவர்களில் பலர் வேறு நிறுவனங்களின் வழியே, சமையல் உதவி போன்ற வேலைகளில் தொடங்கித் துடுப்பைக் கைப்பற்றினார்கள். படகுப் பயணம் தொடங்கும் இடத்திலிருந்து 24ஆம் மைலில் உள்ள பாய்ச்சலுக்கு 2001இல் ஜார்ஜியின் பெயரைச் சூட்டியது நியாயமே. ஆனால் பிற பெண்களுக்கு அவர் கதவைத் திறந்துவிட்டார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தமக்கான வழியை அவர் வெட்டிக்கொண்டார், அவ்வளவே.