புதுப்பிப்பு: குதிரைவாலிக்கு உமி நீக்க வழி கிடைத்தது

போன தை மாதம் கேட்டிருந்தேன்: ராமநாதபுரம் பக்கம் எங்கள் ஊரில் மானாவாரியில் குதிரைவாலி என்ற சிறுதானியம் விளைகிறது, ஆனால் உமி நீக்க மில் இல்லாததால் மூட்டையோடு வியாபாரியிடம் போட்டுவிட்டு ரேஷன் அரிசியையே சாப்பிடுகிறோம், என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் நெல் மில்லில் ஓட்டிப் பார்த்தோம். பாதி நொய்யாகிவிட்டது, கோழிக்குத்தான் கொண்டாட்டம். கைகொடுத்தது இன்னொருவர் சொன்ன யோசனை: தானியத்தைச் சுழற்றி வீசி மோதவைத்து உமியை உடைக்கும் சிறுதானிய இயந்திரம். மகளிர் குழுவில் சேர்ந்து சின்னதாக ஒன்று வாங்கினோம், வீட்டுக்கு வரும் சிங்கிள் பேஸ் கரண்டிலேயே ஓடுகிறது. தானியம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் உமி விடாது. ஒரே ஓட்டில் முடியாது, இரண்டு தடவை விட்டு, அப்புறம் முறத்தில் புடைத்து, உலையில் போடும் முன் கல் அரிக்கணும்.

எதிர்பாராதது ஒன்று. ஆசையாக மொத்தத்தையும் உடைத்து டின்னில் கொட்டி வைத்தோம், ஒரு மாதம் கழித்துத் திறந்தால் சிக்கு வாடை, வாயில் வைத்தால் கசப்பு. உமி போனாலும் தானியத்தின் மேல் தவிடு இருக்கும், அதில் எண்ணெய் இருப்பதால் அப்படித்தான் ஆகுமாம். இப்போது உமியோடு மூட்டையில் வைத்துக்கொண்டு, பத்து நாளைக்கு வேண்டியதை மட்டும் உடைக்கிறோம்.