மோண்டோ கிராஸ், லிரியோப், பாம்புத்தாடி: மூன்றும் ஒன்றா?

நிழல்விரும்பி

மரத்தடியில் புல்தரை போட்டுப் போட்டு ஓய்ந்துவிட்டேன். வெயில் விழாத இடம், இரண்டு மாதம் பச்சையாக நிற்கும், அப்புறம் சொட்டை விழுந்துவிடும். புல் வேண்டாம், புல் மாதிரி இருக்கிற ஏதாவது வை, வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். வெவ்வேறு இடங்களில் மூன்று தொட்டி வாங்கினேன். ஒன்றின் லேபிளில் 'மோண்டோ கிராஸ்' என்று இருக்கிறது. இன்னொன்றில் 'ஸ்நேக்ஸ் பியர்ட்', அதாவது பாம்புத்தாடி, கீழே பொடி எழுத்தில் 'ஓஃபியோபோகன் ஜப்பானிகஸ்'. மூன்றாவதில் 'லிரியோப்'.

முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மெல்லிய இலை, கரும்பச்சை, ஒரு சாண் உயரம். லிரியோப் மட்டும் பெரிது, இலை சுண்டுவிரல் அகலம், முழங்கால் உயரத்துக்கு வளைந்து நிற்கிறது, வெள்ளைப் பூ தலை கவிழ்ந்து பூத்தது, இப்போது நீல மணி மணியாக ஏதோ காய்த்திருக்கிறது.

இவை எல்லாம் ஒரே செடியின் பெயர்களா, வேறு வேறா? பாம்புக்கு ஏது தாடி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்புழு

முதல் விஷயம், மூன்றில் எதுவும் புல் இல்லை. புல் குடும்பம் போயேசியே. இவை ஆஸ்பராகேசியே குடும்பம், முன்பு லில்லிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். பூவைப் பார்த்தாலே தெரியும், புல்லுக்கு இப்படி ஆறு இதழோடு பூ வராது.

மோண்டோவும் பாம்புத்தாடியும் ஒன்றுதான். இரண்டுமே ஓஃபியோபோகன். ஒரே செடிக்கு இரண்டு பெயர், இரண்டு தடவை காசு கொடுத்திருக்கிறீர்கள், பரவாயில்லை, எப்படியும் நிறைய தொட்டி வேண்டியிருக்கும்.

லிரியோப் வேறு பேரினம். ஆனால் உங்கள் மூன்றாவது தொட்டியில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. லிரியோப்பின் பூ நிமிர்ந்து நிற்கும், மணி கறுப்பாக இருக்கும். ஓஃபியோபோகனில் பூ கவிழ்ந்து தொங்கும், மணி நீலமாக இருக்கும். பூவைப் பிய்த்துப் பார்க்கிற பொறுமை இருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம்: லிரியோப்பில் சூற்பை இதழ்களுக்கு மேலே தனியாக உட்கார்ந்திருக்கும், ஓஃபியோபோகனில் பாதி கீழே புதைந்திருக்கும். நீங்கள் சொன்ன அடையாளம் எல்லாம் ஓஃபியோபோகன் பக்கம்தான் சாய்கிறது.

இன்னொன்று, அந்த மணி பழமே கிடையாது, விதை. இந்தச் செடிகளில் காயின் சுவர் சீக்கிரமே கிழிந்துபோய், விதை வெளியே அம்மணமாக நின்று வளரும். அதன் மேல்தோல்தான் சதைப்பிடிப்போடு நிறம் ஏறிப் பழம் மாதிரி ஏமாற்றுகிறது. விதை போட்டு வளர்க்க நினைத்தால் அந்தச் சதையைக் கழுவி எடுத்துவிட்டுப் போடுங்கள். ஆனால் தூரைப் பிரித்து நடுவதுதான் எளிது, நானெல்லாம் அப்படித்தான்.

வழிப்போக்கன்

மோண்டோ என்றால் இத்தாலிய மொழியில் உலகம். உலகம் முழுக்கப் பரவின புல் என்பதால் அந்தப் பெயர் என்று எங்கோ படித்த ஞாபகம்.

சொல்தேடி

வழிப்போக்கன், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இத்தாலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது கிழக்காசியச் செடி, பெயரும் அங்கிருந்துதான்.

சீனத்தில் இதன் வேர்க்கிழங்குக்கு 'மாய் மென் டோங்' என்று பெயர். பழைய மருந்துச் சரக்கு. அந்த எழுத்துகளையே ஜப்பானியர்கள் தங்கள் வாயில் 'பாகு மோன் டோ' என்று படிக்கிறார்கள். வறட்டு இருமலுக்கு அங்கே இன்றும் கொடுக்கிற கஷாயத்தின் பெயரே 'பாகுமோண்டோ தோ'. தலையை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள், மோண்டோ. அவ்வளவுதான்.

1763இல் மிஷேல் அடான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தப் பேரினத்துக்கு 'மோண்டோ' என்றே பெயர் வைத்தார். 1807இல் கெர் காலர் என்ற ஆங்கிலேயர் 'ஓஃபியோபோகன்' என்று வைத்தார். தாவரவியல் விதிப்படி முதலில் வைத்த பெயர்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் பிந்தியதே எல்லா இடத்திலும் புழங்கிப்போயிருந்ததால், விதிவிலக்குக் கொடுத்து அதைக் காப்பாற்றி, மோண்டோவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். புத்தகத்திலிருந்து துரத்தப்பட்ட பெயர் லேபிளில் வந்து உட்கார்ந்துகொண்டது. உங்கள் முதல் இரண்டு தொட்டியும் அந்தப் பழைய வழக்கின் இரண்டு கட்சி.

சரி, பாம்புக்கு ஏது தாடி? ஓஃபிஸ் என்றால் கிரேக்கத்தில் பாம்பு, போகோன் என்றால் தாடி. இதைக் கெர் காலர் தானாகக் கற்பனை செய்யவில்லை. ஜப்பானில் இந்தச் செடியை 'ஜா நோ ஹிகே' என்பார்கள், பாம்பின் ஹிகே. 'ரியூ நோ ஹிகே' என்றும் சொல்வார்கள், டிராகனின் ஹிகே. அதை அப்படியே கிரேக்கத்துக்கு மாற்றினால் ஓஃபியோபோகன். ஒரு சின்ன வேடிக்கை என்னவென்றால், ஹிகே என்ற சொல் தாடி, மீசை இரண்டுக்கும் பொது. கிரேக்கத்துக்குப் போகும்போது யாரோ தாடி என்று முடிவு செய்துவிட்டார்கள். படங்களில் கிழக்காசிய டிராகனுக்கு மூக்குக்குப் பக்கத்தில் நீளமாக இரண்டு மீசை ஆடிக்கொண்டிருக்கும் பாருங்கள், இந்த இலைக்கு அதுதான் பொருத்தம். என்னைக் கேட்டால் 'பாம்பு மீசை' என்றுதான் சொல்வேன்.

இதைவிட எனக்குப் பிடித்தது சீனப் பெயருக்குள் ஒளிந்திருக்கிற விஷயம். மாய் மென் டோங்கை இன்று எழுதுகிறபடி எழுத்துக் கூட்டிப் படித்தால் 'கோதுமை, வாசல், குளிர்காலம்' என்று வரும். வாசல் எங்கே வந்தது என்று மண்டை காயும். 16ஆம் நூற்றாண்டில் லி ஷிசென் தன் பெரிய மருந்துநூலில் இதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார்: அந்த 'மென்' வாசல் இல்லை, அதே ஓசையுள்ள வேறு ஓர் அரிய எழுத்து, அதற்குப் பொருள் கோதுமை, பார்லிக் கதிரில் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த மீசை. வேரில் இருக்கிற கிழங்கு தானிய மணி மாதிரி இருக்கிறது, அதில் மீசையும் இருக்கிறது, குளிர்காலத்திலும் வாடுவதில்லை, அதனால் இந்தப் பெயர் என்கிறார். எழுதக் கஷ்டமான எழுத்தை விட்டுவிட்டுச் சுலபமான வாசலைப் போட்டுவிட்டார்கள்.

அப்படியானால் பாருங்கள், பாம்புத்தாடியிலும் மீசை, மோண்டோவிலும் மீசை. ஒன்று இலையைப் பார்த்து வைத்தது, மற்றது வேரைப் பார்த்து வைத்தது.

நிழல்விரும்பி

அடேங்கப்பா. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அப்படியே லிரியோப்புக்கும் சொல்லிவிடுங்கள். கடைக்காரர் 'லைரோப்' என்கிறார், பக்கத்தில் நின்றவர் 'லிரியோப்' என்கிறார், எது சரி? மண்புழு சொன்னது சரி என்றால் என் மூன்றாவது தொட்டி என்னதான்?

சொல்தேடி

லி-ரி-ஓ-பி, நான்கு அசை. கடைசியில் 'பி' வர வேண்டும், ஆனால் உலகத்தில் பாதிப் பேர் மூன்றாக்கித்தான் சொல்கிறார்கள், நீங்களும் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

லிரியோபி கிரேக்கக் கதையில் வரும் நீர்த்தேவதை. அவளுடைய மகன்தான் நார்சிசஸ், தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து மயங்கிப் பூவாகிப்போனவன். லெய்ரியோன் என்றால் கிரேக்கத்தில் லில்லி, அவள் பெயருக்குள்ளேயே ஒரு பூ இருக்கிறது. லூரெய்ரோ என்ற போர்த்துகீசியப் பாதிரியார் இன்றைய வியட்நாமில் பல வருடம் இருந்து அங்குள்ள தாவரங்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1790இல் வந்தது, அதில் வைத்த பெயர் இது. மகன் பெயரில் ஏற்கெனவே நார்சிசஸ் என்ற செடி இருந்தது. இன்றைய வகைப்பாட்டில் அம்மாவும் பிள்ளையும் வேறு வேறு குடும்பம், ஆனால் இரண்டு குடும்பமும் ஆஸ்பராகேல்ஸ் என்ற ஒரே வரிசைக்குள் வருகின்றன. லூரெய்ரோவுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை, தற்செயலாக அமைந்தது.

லிரியோப்பில் அதிகம் விற்பது 'மஸ்கரி' என்ற சிற்றினம், மஸ்கரி என்ற இன்னொரு செடியின் பூங்கொத்து மாதிரி ஊதா நிறத்தில் நெருக்கமாகப் பூக்கும் என்பதால். அதாவது ஒரு செடிக்கு இன்னொரு செடியின் பெயர் அடைமொழி. இனி மூன்றாவது தொட்டிக்கு வருகிறேன்.

அகலமான இலை, முழங்கால் உயரம், கவிழ்ந்த வெள்ளைப் பூ, நீல மணி. இது 'ஓஃபியோபோகன் ஜாபுரான்' ஆக இருக்க வேண்டும். உருவத்தில் லிரியோப் மாதிரி இருப்பதால் பல இடங்களில் அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள். ஆனால் உங்கள் கடைக்காரரைத் திட்டாதீர்கள். ஜப்பானில் 'யாபுரான்' என்றால் புதர் ஆர்கிட் என்று பொருள், அது லிரியோப் மஸ்கரியின் பெயர். நீங்கள் வைத்திருக்கிற செடிக்கு அங்கே பெயர் 'நோஷிரான்'. இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது லிரியோப்பின் ஜப்பானியப் பெயரைத் தூக்கி இதற்கு வைத்துவிட்டார்கள், விதிப்படி அது அப்படியே நிலைத்துவிட்டது. தாவரவியலாளர்களே 19ஆம் நூற்றாண்டில் செய்த அதே குழப்பத்தை உங்கள் கடைக்காரர் இன்று திரும்பச் செய்திருக்கிறார்.

ஈரமண்

நல்ல இழை. பெயர் என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன், இந்தக் குடும்பம் நமக்கு அந்நியம் இல்லை. தண்ணீர்விட்டான் கிழங்கு ஆஸ்பராகஸ் ரேசிமோசஸ், இதே ஆஸ்பராகேசியே. தரைக்கு மேலே அது கொடி, இது புல் மாதிரி, ஒட்டே தெரியாது. ஆனால் இரண்டையும் பிடுங்கினால் வேரில் தடித்த கிழங்கு தொங்கும். சீனர்கள் இந்த ஒற்றுமையைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள்: இது மாய் மென் டோங் என்றால், அங்குள்ள ஆஸ்பராகஸ் ஒன்றுக்கு 'தியான் மென் டோங்'. பிற்காலத்தில் மரபணு பார்த்துச் சேர்த்த குடும்பத்தை அவர்கள் கடப்பாரை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஸ்நேக் பிளான்ட் இனமான மருளும் இதே குடும்பம்தான், அதிலும் ஓஃபியோபோகன் இருக்கிற அதே உட்குடும்பம். மருளின் பழைய பேரினம் சான்சிவேரியா, இப்போது அதை டிரசீனாவோடு சேர்த்துவிட்டார்கள். டிரசீனா என்றால் கிரேக்கத்தில் பெண் டிராகன். டிராகன் மீசையும் பெண் டிராகனும் ஒரே வீட்டில்!

வசம்பு வேறு கதை. அதன் தங்கை 'அகோரஸ் கிராமினியஸ்' என்று ஒன்று உண்டு, கிராமினியஸ் என்றால் புல் போன்றது, அதையும் இந்தச் செடிகளோடு கலந்து வைத்து விற்பார்கள். குடும்பம் வேறு. இலையைக் கசக்கி முகர்ந்தால் வசம்பு மாதிரி வாசம் வந்தால் அது அகோரஸ், அதற்கு ஈரம் நிறைய வேண்டும். மோண்டோவுக்குப் பக்கத்தில் நட்டால் ஒன்று காயும், இல்லை மற்றது அழுகும்.

மண்புழு

ஈரமண் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். லிரியோப்பில் 'ஸ்பிகாட்டா' என்று இன்னொரு சிற்றினம் இருக்கிறது, லூரெய்ரோ வைத்த பெயர்தான், கதிர் போலப் பூப்பது என்று பொருள். பெயரில் எச்சரிக்கை எதுவும் இல்லை, ஆனால் அது மண்ணுக்கடியில் தண்டு விட்டு ஓடிக்கொண்டே இருக்கும், பாத்தியைத் தாண்டி வெளியே வந்துவிடும். சரிவான நிலத்தில் மண் அரிப்பைத் தடுக்க நல்லது, சின்னத் தோட்டத்தில் தலைவலி. மஸ்கரி தூராகவே நிற்கும், ஓடாது. வாங்கும்போது வெறும் 'லிரியோப்' என்று எழுதியிருந்தால் எந்த லிரியோப் என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள், பக்கவாட்டில் வெள்ளைத் தண்டு ஓடியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

உங்கள் மரத்தடிக்கு மெல்லிய மோண்டோவே போதும். அதிலேயே 5 முதல் 10 செ.மீ.க்கு மேல் வளராத குட்டை வகை இருக்கிறது, 10, 15 செ.மீ. இடைவெளியில் நட்டால் காலப்போக்கில் மூடிக்கொள்ளும். ரொம்ப மெதுவாகத்தான் மூடும், முதல் வருடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், பிடுங்கிப் பார்க்காதீர்கள். தண்ணீர் தேங்கக்கூடாது, குருத்து அழுகிவிடும். அடிக்கடி மிதித்து நடக்கிற பாதையிலும் வேண்டாம், புல்லைப் போல மிதி தாங்காது.

வழிப்போக்கன்

இத்தாலியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கறுப்பு இலையோடு ஒன்று பார்த்தேனே, அதுவும் இதுதானா? செத்துப்போன செடி என்று நினைத்து ஒதுங்கிப் போய்விட்டேன்.

சொல்தேடி

அதுவும் ஓஃபியோபோகன்தான், 'பிளானிஸ்கேபஸ்', தட்டையான பூந்தண்டு உள்ளது என்று அர்த்தம். கறுப்பு வகைக்கு ஜப்பானில் 'கோகுர்யூ', கறுப்பு டிராகன். லத்தீனில் 'நிக்ரெசென்ஸ்', கறுத்துவருவது. ஒன்று டிராகனைப் பார்க்கிறது, மற்றது சாயம் ஏறுவதைப் பார்க்கிறது. குருத்து அடியில் பச்சையாகத்தான் வரும், வளர வளரத்தான் கறுக்கும், அதனால் லத்தீன்காரரையும் குறை சொல்ல முடியாது.

நிழல்விரும்பி

மூன்றாவது தொட்டியில் ஒரு நீல மணியை நகத்தால் உரித்துப் பார்த்தேன். மண்புழு சொன்ன மாதிரியே மெல்லிய நீலத்தோல், உள்ளே கெட்டியான வெள்ளை விதை, பழம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. 'லிரியோப்' லேபிளை எடுத்துவிட்டு 'ஜாபுரான் (யாபுரான் இல்லை)' என்று எழுதிக் குத்தியிருக்கிறேன். மற்ற இரண்டையும் தூர் பிரித்ததில் முப்பத்தோரு கன்று வந்தது. எது மோண்டோ, எது பாம்புத்தாடி என்று நடும்போதே கலந்துவிட்டது.