போனில் "சரி" என்கிறார்கள், வேலை வேறு மாதிரி நடக்கிறது. எப்படிச் சொல்வது?

புது மெர்ச்சண்டைசர் (கேள்வி)

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில், பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. போன வாரம், ஜெர்மனி பையர் ஒரு ஸ்டைலுக்குக் கழுத்து ரிப்பை (கழுத்துப் பட்டிக்கான வரி வரியான துணி) 1×1 வரியிலிருந்து 2×2 ஆக மாற்றச் சொன்னார். தையல் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, "அண்ணா, நேவிக்கு ரிப் மாறிடுச்சு, டூ பை டூ போட்ருங்க" என்றேன். "சரிம்மா" என்றார். பின்னால் ஒரே ஓவர்லாக் சத்தம்.

என்னிடம் நேவியில் இரண்டு ஸ்டைல் ஓடுகிறது. மறுநாள் போய்ப் பார்த்தால் மற்ற ஸ்டைலில் 180 பீஸுக்கு ரிப் மாறி ஏறியிருந்தது. ஹெல்பர் அக்காக்கள் இரவு எட்டரை வரை உட்கார்ந்து கழுத்தைப் பிரித்தார்கள். அது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

இன்னொன்று, காலையில் மெயிலைத் திறந்தால் மதியம் வரை அதிலேயே போய்விடுகிறது. அப்புறம் முழுக்கப் போன்தான். பதில் எழுதி முடிக்க ராத்திரி ஆகிவிடுகிறது.

22 வருஷ மெர்ச்சண்டைசர்

கண்ணு, தப்பு அந்த "நேவி"யில்தான் இருக்கிறது. பையருக்கு அது பான்டோன் நிற அட்டையில் ஒரு எண், சாயப்பட்டறையில் லேப் டிப் (சாயம் ஏற்றிக் காட்டும் மாதிரித் துண்டு) பி, தையலில் "அந்தக் கருநீலம்". இனிமேல் நிறத்தைச் சொல்லாதே, ஸ்டைல் நம்பரின் கடைசி மூன்று இலக்கத்தைச் சொல்.

அவர் "சரி" என்றதும் போனை வைத்துவிடாதே. "அண்ணா, நான் சரியாச் சொன்னேனான்னு ஒரு தடவை நீங்க சொல்லுங்க" என்று கேள். இப்படிக் கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். அவர் வாயில் நம்பரும் ரிப்பும் சேர்ந்து வந்தால்தான் சொன்னதாகக் கணக்கு.

ரிப் மாதிரி விஷயத்துக்குப் பேச்சு மட்டும் போதாது. புது ரிப்பில் இரண்டு இஞ்ச் துண்டு வெட்டி ஆர்டர் ஷீட்டில் பின் அடி. பக்கத்தில் மார்க்கரில் ஸ்டைல் நம்பர், தேதி. பழைய துண்டைக் கிழித்து எடுத்துவிடு. இரண்டும் இருந்தால் கை பழையதற்குத்தான் போகும்.

மெயிலுக்கு வருகிறேன். ஜெர்மனியில் காலை ஒன்பது என்றால் நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அதுவரை அங்கிருந்து பதில் வராது. ராத்திரி வந்த மெயிலை அரை மணி நேரம் படி, குறித்துக்கொள், நேராக ஃப்ளோருக்குப் போ. திரும்பி வந்து பன்னிரண்டு மணிக்கு எழுது, அவர்கள் திறக்கும்போது உன் மெயில் மேலே இருக்கும். ஒரு மெயிலுக்கு ஒரு ஸ்டைல். "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" வேண்டாம். "வெள்ளிக்குள் லேப் டிப் பி-க்கு அப்ரூவல் வந்தால் திங்கள் துணி சாயத்துக்குப் போகும், பிந்தினால் ஷிப்மெண்ட் அத்தனை நாள் தள்ளும்" என்று எழுது. பதில் சீக்கிரம் வரும்.

சாயப்பட்டறையிலிருந்து

எங்கள் பக்கமும் ஒன்று சொல்கிறேன். மெர்ச்சண்டைசர்கள் "ஆச்சா அண்ணா?" என்று நாளைக்கு ஆறு தடவை கேட்பார்கள், நாங்களும் "ஆச்சுங்க" என்போம். எனக்கு ஆச்சு என்றால் சாயம் முடிந்தது. அதற்கப்புறம் காய வேண்டும், பின்னால் சுருங்காமல் இருக்கத் துணியை அழுத்தும் காம்பாக்டிங் போக வேண்டும். உங்களுக்கு ஆச்சு என்றால் துணி வண்டியில் ஏறிவிட்டது. இந்த ஒரு சொல்லால் எத்தனை சண்டை! "காம்பாக்டிங் முடிந்து எத்தனை மணிக்கு வண்டி அனுப்பலாம்?" என்று கேளுங்கள். யோசித்துத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

லைன் சூப்பர்வைசர்

எங்கள் லைனில் பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். சொல்லிப் புரியவைப்பதை விட, சரியாகத் தைத்த ஒரு பீஸை டேபிளுக்கு மேலே தொங்கவிட்டுவிடுகிறோம். மாற்றம் வந்தால் முதலில் அந்தப் பீஸ்தான் மாறும்.

புது மெர்ச்சண்டைசர்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலையே செய்து பார்த்தேன். திருப்பிச் சொல்லச் சொன்னதும் அண்ணன் "ஸ்லீவ் அரை இஞ்ச் குறைக்கணும்" என்றார். நான் சொன்னது சைடு ஸ்லிட். அங்கேயே திருத்திக்கொண்டோம். ஒரு சந்தேகம் அக்கா, ரிப் துண்டை நிட்டிங்கிலேயே வாங்கிக்கொள்ளலாமா?

22 வருஷ மெர்ச்சண்டைசர்

வேண்டாம் கண்ணு. சாயம் ஏறி, காம்பாக்டிங் முடிந்த துணியில் வெட்டு. நிட்டிங்கில் வாங்கினால் சாயம் ஏறாத கிரே துணிதான் கிடைக்கும், அதைப் பார்த்துத் தையலில் குழம்புவார்கள்.