லேத் வேகம் குறைய மாட்டேன் என்கிறது, பெல்ட் கிரீச்சிடுகிறது: உதவி தேவை

கேட்டவர் (அம்பாசமுத்திரம்):
வணக்கம். மரக்கடைசலுக்கு 1 எச்.பி. பழைய லேத் ஒன்று வாங்கி எட்டு மாதம் ஆகிறது. மோட்டார் சிங்கிள் பேஸ், நிமிடத்துக்கு 1440 சுற்று. கைப்பிடியைத் திருப்பினால் புல்லியின் இரண்டு பாதியும் விலகி, நெருங்கி வேகம் மாறும் வகை. தகட்டில் 500 முதல் 2000 வரை என்று இருக்கிறது. ஒரு வாரமாக 1800க்குக் கீழே இறங்கவில்லை. குறைக்கும் பக்கம் திருப்பினால் பெல்ட் தளர்ந்து படபடவென்று அடிக்கிறது. உளி வைத்ததும் கிரீச். சொப்புச் சாமானுக்கு இது ஓடும், பத்து அங்குலத் தட்டை ஏற்றத்தான் பயம். புல்லிக்கு நிறைய கிரீஸ் வைத்தேன், இன்னும் மோசம். பெல்ட் மாற்றினால் போதுமா?

கோவை ஃபிட்டர்:
தம்பி, பெல்ட்டை அப்புறம் பார்க்கலாம். கைப்பிடி மோட்டார் புல்லியைத்தானே விரிக்கிறது? அது விரிந்தால் பெல்ட் உள்ளே இறங்கும். அந்தத் தளர்வை மேலே ஸ்பிண்டில் (மரத்தைச் சுழற்றும் தண்டு) புல்லியின் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கவில்லை என்றால் மேல் புல்லியின் நகரும் பாதி ஷாஃப்டில் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். நீங்கள் வைத்த கிரீஸும் மரத்தூளும் சேர்ந்து பசை மாதிரி ஆகியிருக்கும். பெல்ட்டிலும் பட்டிருக்கும், அதுதான் கிரீச்.

மின்வேலைக்காரர்:
பேசாமல் மோட்டார் வேகத்தையே மின்சாரத்தில் மாற்றும் வி.எஃப்.டி. கருவி போட்டுவிடுங்கள் சார், புல்லித் தொல்லையே இருக்காது.

கோவை ஃபிட்டர்:
அவரிடம் இருப்பது சிங்கிள் பேஸ் கெப்பாசிட்டர் மோட்டார். அதற்கு வி.எஃப்.டி. கொடுத்து வேகத்தைக் குறைத்தால், உள்ளே சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் (மோட்டார் வேகம் பிடித்ததும் ஸ்டார்டிங் வைண்டிங்கைத் துண்டிப்பது) இருந்தால் அது மறுபடி மூடிக்கொண்டு ஸ்டார்டிங் வைண்டிங் கருகும். த்ரீ பேஸ் மோட்டாரும் சேர்த்து வாங்க வேண்டும். மண்ணெண்ணெயில் தீரும் வேலைக்கு எதற்கு அந்தச் செலவு?

மின்வேலைக்காரர்:
சிங்கிள் பேஸ் என்று எழுதியிருந்ததைக் கவனிக்கவில்லை. நீங்கள் சொல்வது சரி.

கேட்டவர்:
அண்ணா, கழற்றும்போது எதில் கவனம்? ஸ்பிரிங் பெரிதாக இருக்கிறது.

கோவை ஃபிட்டர்:
பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அந்த ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் வளையத்தை நெம்பினால் முகத்துக்கு வரும். முதலில் கிளாம்ப் போட்டு இறுக்கி, சர்க்ளிப்பை எடுத்த பிறகு மெதுவாகத் தளர்த்துங்கள். புல்லி விளிம்பில் சுத்தியல் படவே கூடாது, வார்ப்பு அலுமினியம் என்றால் விரிசல் விடும். வராவிட்டால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள்.

ஷாஃப்டையும் துளையையும் மண்ணெண்ணெயில் கழுவி, 400 நம்பர் எமரித் தாளால் லேசாகத் தேயுங்கள். புல்லியை ஷாஃப்டோடு சேர்த்துச் சுற்ற வைக்கும் கீயின் ஓரம் மழுங்கியிருந்தால் புதிது போடுங்கள். புல்லித் துளைக்குள் இருக்கும் புஷ் ஆட்டம் கண்டிருந்தால் புல்லியின் நகரும் பாதி சாய்ந்து மறுபடி பிடிக்கும். கன்மெட்டலில் (வெண்கல வகை) புதிதாகக் கடைந்துகொள்ளலாம். மாட்டும்போது கிரீஸ் வேண்டாம், கிராஃபைட் பொடி போதும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. மெஷின் நிற்கும்போது வேகக் கைப்பிடியைத் திருப்பாதீர்கள். பெல்ட் ஓடினால்தான் புல்லியில் ஏறி இறங்கும். நிற்கும்போது முறுக்கினால் புல்லியை நகர்த்தும் ஃபோர்க் உடையும். என் பட்டறையில் ஒரு பையன் அப்படித்தான் உடைத்தான், சரி அது பழைய கதை. அணைப்பதற்கு முன் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

கேட்டவர்:
நேற்றுக் கழற்றினேன். நீங்கள் சொன்னபடியே கறுப்புப் பசை, கீ வழி முழுக்க. புஷ் நன்றாக இருக்கிறது. கழுவிக் கிராஃபைட் போட்டு மாட்டியதும் சுற்று எண்ணும் டாக்கோமீட்டரில் 510 வரை இறங்குகிறது. மேலேதான் 1850க்கு மேல் போகவில்லை.

கோவை ஃபிட்டர்:
இப்போதுதான் பெல்ட்டின் முறை. அகலம் தேய்ந்தால் மூடிய மோட்டார் புல்லியிலும் பெல்ட் உள்ளே தங்கும், மேல் வேகம் குறையும். சாதாரண பி செக்‌ஷன் பெல்ட் வாங்கிவிடாதீர்கள். இதற்கு அகலமான, பல் வெட்டிய வேரியபிள் ஸ்பீடு பெல்ட். பழையதையே கடைக்குக் கொண்டு போங்கள்.

கேட்டவர்:
சொல்லி வைத்திருக்கிறேன் அண்ணா. அது வரும்வரை 1850 போதும். பத்து அங்குலத் தட்டு இன்று காலை ஏறிவிட்டது.