கரையும் அலாஸ்கா ஊர்கள்: ஊரோடு நகர்த்துவதா, ஆளுக்குப் பணம் கொடுப்பதா?

செங்கதிர்:
2025 அக்டோபரில் ஹாலோங் புயலின் மிச்சம் மேற்கு அலாஸ்காவைப் புரட்டிப் போட்டதைப் படித்திருப்பீர்கள். கிப்னக், க்விகிலிங்கோக் என்ற இரண்டு யூபிக் பழங்குடி ஊர்களில் வீடுகள் ஆட்களோடு மிதந்து போயின. ஆயிரம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களை ராணுவ விமானத்தில் ஏற்றி அலாஸ்காவின் பெருநகரமான ஆங்கரேஜில் இறக்கினார்கள். அந்தச் செய்தியின் கீழே கணக்கன், "அந்த ஊர்களைத் திரும்பக் கட்டுவது வீண், பணத்தைக் கையில் கொடுத்து நகரத்துக்கு அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தார். அதைத் தனியாகப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

என் கட்சி இது: ஊராகச் சேர்ந்து நகர விரும்புகிறவர்களை ஊராகவே நகர்த்த வேண்டும். அதற்குப் பொறுப்பேற்க ஒரே ஒரு அரசுத் துறை வேண்டும், அதன் கையில் பணமும் வேண்டும்.

நியூடாக்கைப் பாருங்கள். நிங்லிக் ஆற்றங்கரையில் சுமார் 350 பேர் வாழ்ந்த ஊர். ஆறு ஒவ்வொரு ஆண்டும் கரையைத் தின்றுகொண்டே வந்தது. 2003இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு, ஒன்பது மைல் தள்ளி நெல்சன் தீவில் மாற்று நிலம் கொடுத்தது. மெர்ட்டார்விக் என்று அந்த இடத்துக்குப் பெயர். ஊற்றில் நீர் எடுக்கும் இடம் என்று பொருள். முதல் குடும்பங்கள் அங்கே குடியேறியது 2019 அக்டோபரில். நிலம் கையில் இருந்தும் பதினாறு ஆண்டுகள்! கடைசிக் குடும்பங்கள் போனது 2024இல்.

ஏன் இவ்வளவு தாமதம்? பத்துப் பிள்ளைகளாவது இருந்தால்தான் மாநில அரசு பள்ளிக்குப் பணம் தரும். பள்ளி இல்லாத இடத்துக்குப் பிள்ளைகளோடு யார் போவார்கள்? விமான ஓடுதளம், மின்சாரம் எல்லாவற்றிலும் இதே சுற்றுதான்.

கணக்கன்:
நீங்கள் சொன்னதே என் வாதத்துக்குச் சாட்சி. ராணுவப் பொறியாளர் படை நியூடாக்கை நகர்த்த 8 கோடி முதல் 13 கோடி டாலர் வரை ஆகும் என்று மதிப்பிட்டது. 350 பேருக்கு வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு இரண்டு லட்சத்து முப்பதாயிரம் டாலரில் தொடங்கி மூன்று லட்சத்து எழுபதாயிரம் வரை போகிறது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல். அந்தப் பணம் 2003லேயே அவர்கள் கைக்குப் போயிருந்தால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பூஞ்சை பிடித்த வீட்டில் வளர்ந்திருக்க மாட்டார்கள்.

இது ஒரு ஊரோடு முடிகிற கதையும் இல்லை. 2003லேயே அரசுக் கணக்காய்வு அலுவலகம் 213 பழங்குடி ஊர்களில் 184 ஊர்களுக்கு வெள்ளமும் அரிப்பும் இருப்பதாகச் சொன்னது. 2009இல் 31 ஊர்களுக்கு ஆபத்து மிக அருகில் என்றது. எல்லா ஊரையும் அப்படியே பெயர்த்து வைக்க எந்த அரசாலும் முடியாது. முடியாததை முடியும் என்று சொல்லி மக்களைக் காத்திருக்க வைப்பதுதான் எனக்குப் பெரிய கொடுமையாகப் படுகிறது.

மலர்விழி:
கணக்கன் சார், அந்த ஊர் அங்கே எப்படி வந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? அந்த மக்கள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறி வாழ்ந்தவர்கள். கோடையில் மீன் முகாம், குளிரில் வேறிடம். கரை சரிந்தால் நகர்ந்துவிடுவார்கள். 1950களில் பழங்குடி விவகாரத் துறை நியூடாக்கில் பள்ளி கட்டியது. கட்டுமானப் பொருள் ஏற்றிய படகு அதற்கு மேல் ஆற்றில் போகாது என்பதால் தேர்ந்தெடுத்த இடம் அது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியே தீர வேண்டும் என்றதும் ஊர் அங்கேயே வேர் பிடித்துவிட்டது. நகரத் தெரிந்த மக்களை ஓரிடத்தில் உட்கார வைத்தது அரசு. இப்போது அதற்கான செலவைப் பார்த்து மலைப்பது நியாயமா?

தச்சன்:
மேற்கு அலாஸ்காவில் பெத்தேல் என்ற ஊர்ப் பக்கம் இரண்டு கோடைகள் கட்டுமான வேலை பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன்.

அங்கே காலையில் முதல் வேலை, ஒரு இரும்புக் கம்பியை நிலத்தில் குத்திப் பார்ப்பது. உறைமண், அதாவது கோடையிலும் உருகாமல் உறைந்தே கிடக்கும் மண், எங்கே தொடங்குகிறதோ அங்கே கம்பி டக்கென்று நிற்கும். வீட்டைச் சுற்றிக் குத்தினால் ஒரு மூலையில் முழங்கால் ஆழத்திலேயே நிற்கும், எதிர் மூலையில் கம்பி முழுக்க உள்ளே போய்விடும். வீடு சாய்ந்திருப்பது பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். நான் தங்கிய வீட்டில் ஒரு பாட்டி கதவைத் தோளால் இடித்துத்தான் திறப்பார். குளிர்காலத்துக்கு முன் கதவின் மரச்சட்டத்தை இழைத்துச் சரிசெய்வோம், அடுத்த கோடையில் மறுபடி இறுகிவிடும்.

உறைமண் இளகுவது, வெள்ளம், அரிப்பு மூன்றும் சேர்ந்து நிலம் இடிந்து போவதற்கு யூபிக் மொழியில் ஒரே சொல் உண்டு: உஸ்டெக். 2018இல் மாநிலப் பேரிடர்த் திட்டத்திலேயே அந்தச் சொல்லைச் சேர்த்தார்கள். ஆனால் கூட்டரசின் பேரிடர்ச் சட்டம் புயல், வெள்ளம், நிலநடுக்கம் என்று திடீரென வருவதை மனதில் வைத்து எழுதியது. நியூடாக் தன்னைப் பேரிடர்ப் பகுதியாக அறிவிக்கக் கேட்டது; 2017 ஜனவரியில் மறுத்துவிட்டார்கள். முப்பது ஆண்டாக ஊர் கரைந்தால் அது பேரிடர் இல்லையாம். என்னைக் கேட்டால் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

செங்கதிருக்கும் ஒரு வார்த்தை. நகர்த்தினால் மட்டும் போதாது. மெர்ட்டார்விக்கின் புது வீடுகள் சிலவற்றில் இப்போதே பழுது தலைகாட்டிவிட்டது. அந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் பொருந்தாத அடித்தளமும் காற்றோட்டமும் இருந்தால் எந்த இடத்திலும் வீடு நிற்காது.

கணக்கன்:
தச்சன் அண்ணா, சட்டத் திருத்தம் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். மெதுவாக வரும் பேரிடரையும் சட்டம் பேரிடர் என்று சொல்ல வேண்டும். மலர்விழி சொன்ன வரலாறும் உண்மை. ஆனால் அரசு கடன்பட்டிருக்கிறது என்றால், அந்தக் கடனை எந்த வடிவில் வாங்குவது என்பதைக் குடும்பமே முடிவு செய்யட்டும். ஷிஷ்மரெஃப் என்ற தீவு ஊரும் இப்படிக் கரைகிறது, அங்கே 2016இல் இடம் மாறுவதா என்று வாக்கெடுத்தார்கள். 89 பேர் ஆம், 78 பேர் வேண்டாம். பாதிக்குப் பாதி! அந்த 78 பேரை என்ன செய்வீர்கள்? 89 பேருக்கும்தான் என்ன கிடைத்தது? இன்றும் அதே தீவில்தான் இருக்கிறார்கள்.

செங்கதிர்:
அவர்கள் அங்கேயே இருப்பது வாக்கு பிளந்ததால் இல்லை. 2002லும் நகர வேண்டும் என்றுதான் வாக்களித்தார்கள். ஆம் என்று சொன்னவர்களுக்கு அரசு திறந்துவிட ஒரு கதவும் இல்லை. 2015இல் டெனாலி ஆணையம் என்ற கூட்டரசு அமைப்பை ஒருங்கிணைப்பாளராக அறிவித்தார்கள். இத்தனை ஊர்களுக்கு ஈடுகொடுக்கும் நிதி அதனிடம் இல்லை, மற்றத் துறைகளுக்குக் கட்டளையிடும் அதிகாரமும் இல்லை.

விரும்புகிறவருக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நீங்கள் சொல்வதுபோல அதை மட்டும் கொடுத்தால், குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போகப் போகப் பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை பத்துக்குக் கீழே இறங்கும். பள்ளி மூடும். மீதிப் பேருக்குத் தேர்வு என்று எதுவும் மிஞ்சாது. கடல்நாய் வேட்டையும் சால்மன் உலர்த்துவதும் ஒரு குடும்பம் தனியாகச் செய்கிற காரியமும் இல்லை. படகு ஒருவருடையது, புகைக் குடில் இன்னொருவருடையது, இறைச்சி ஊருக்கே பங்கு. ஆங்கரேஜில் ஒரு அடுக்குமாடி வீட்டில் அதை எந்தப் பணம் வாங்கித் தரும்?

இன்னொன்று. கிப்னக்கின் ஆற்றங்கரையைக் காக்க ஒதுக்கிய 2 கோடி டாலர் மானியத்தைக் கூட்டரசின் சுற்றுச்சூழல் முகமை 2025 மே மாதம் ரத்து செய்தது. அது இருந்திருந்தாலும் அக்டோபருக்குள் வேலை முடிந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து மாதத்தில் ஊரே மிதந்தது. வறண்ட நிலத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த மானியத்தை வீண் செலவு என்று எழுதியவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மலர்விழி:
கிப்னக் மக்களிடம் யாராவது கேட்டார்களா, திரும்பப் போக வேண்டுமா, புது இடமா, நகரமா என்று? நாம் நாலு பேர் இங்கே முடிவு செய்து என்ன ஆகப் போகிறது?

தச்சன்:
கேட்பதென்றால் சீக்கிரம் கேட்க வேண்டும், மலர்விழி. அங்கே சாலை கிடையாது. மரம், இரும்பு, ஜெனரேட்டர் எல்லாம் ஆறு உருகிய பிறகு சரக்குப் படகில்தான் வரும். செப்டம்பர் தாண்டினால் ஆறு மறுபடி உறையத் தொடங்கிவிடும். வரும் கோடையில் ஒரு தூணாவது நட வேண்டுமென்றால், அதற்கான மரத்துக்கு இந்தக் குளிர்காலத்திலேயே ஆர்டர் போயிருக்க வேண்டும்.